இறக்கிய காருக்கு அகலமான ரிம்மும் டயரும்: அளவெடுப்பது முதல் நட்டு முறுக்குவது வரை

வண்டி நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் தெரிகிற இடைவெளி வேறு, ஆள் ஏறி வண்டி ஓடும்போது மிஞ்சுகிற இடைவெளி வேறு. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு டயரை இழக்க வேண்டியிருந்தது. வண்டியை 30 மி.மீ. இறக்கி, 7 ஜே (அதாவது 7 அங்குல) அகல ரிம் போட்ட முதல் மாதம் முழுக்க நான் தனியாகத்தான் ஓட்டினேன், எங்கும் உரசவில்லை. பிறகு ஒரு கல்யாணத்துக்காகப் பின்னிருக்கையில் மூன்று பேரையும் டிக்கியில் இரண்டு ஏத்தன் வாழைக்குலைகளையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்திலிருந்து அருமனைக்குப் போனபோது, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துணி கிழிவது போலச் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், இடப்பக்கப் பின்டயரின் வெளி ஓரத்தில் மட்கார்டின் உள்மடிப்புத் தகடு சுற்றிலும் ஒரு கோடு கீறியிருந்தது. விரலை வைத்தபோது உள்ளே இருக்கும் நூல் நெருடியது. ரிம் விற்ற கடையில் 'ஒன்றும் உரசாது' என்றுதான் சொன்னார்கள். நின்றுகொண்டிருந்த வெற்று வண்டியைப் பார்த்து அவர்கள் அப்படிச் சொன்னதையும், நான் அதை நம்பியதையும் பிறகுதான் உணர்ந்தேன்.

ஆகவே இந்த வழிகாட்டியில் அதிக இடம் அளவெடுப்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சரியாக அளந்தவருக்கு மாட்டுவது அரை நாள் வேலைதான்.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறிவிடும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் அடிக்கடி போய்வருகிற நம் குமரி மாவட்டத்து வண்டிகள் இரண்டு மாநிலத்துச் சோதனைக்கும் உட்பட வேண்டியவை. உங்கள் மாடலின் உயர்ந்த வகையில் கம்பெனியே கொடுக்கிற ரிம், டயர் அளவைத் தேர்ந்தெடுப்பதும், டயர் உடலைவிட்டு வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்வதும், மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும். வண்டியை இறக்குவதற்கு முன்பு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

எவ்வளவு இறக்கலாம்

2018-இல் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. அதில் 30 மி.மீ. இறக்கினால் 133 மிஞ்சும். ஐந்து பேர் ஏறினால் அதுவும் குறையும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைக்கப்படும் வேகத்தடை 100 மி.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. ஆனால் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து உட்சாலைகளில் ஊரார் போட்டு வைத்திருக்கும் தடைகள் குறுகியும் கூர்மையாகவும் இருப்பதை அங்கே ஓட்டியவர்கள் அறிவார்கள். முன்சக்கரம் தாண்டிய பிறகு வண்டியின் நடுவயிறு அதில் இடிக்கிறது. என் கருத்தில் நம் சாலைகளுக்கு 25 முதல் 30 மி.மீ. வரைதான் எல்லை.

ஸ்பிரிங்கைக் கிரைண்டரில் அறுத்து இறக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது கழன்று நகரக்கூடும். அந்த மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங்கோ, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய காயிலோவரோதான் வேண்டும். ஸ்பிரிங் மாற்றும்போது ஷாக் அப்சார்பரின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் மேலே எவ்வளவு ஏறலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரிம்முக்கு இடம் அளக்கும்போது நாம் கணக்கில் கொள்ளும் மேல் எல்லையும் அதுவே. ரிம் வாங்குவதற்கு முன்பே வண்டியை இறக்கி, ஸ்பிரிங் படிவதற்கு ஓரிரு வாரம் ஓட்டிவிட்டுப் பிறகு அளவெடுங்கள்.

டயர் அளவின் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 என்று இருந்தால், 185 என்பது மி.மீ. அகலம், 65 என்பது சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 15 என்பது ரிம்மின் அங்குல விட்டம். சைடுவால் 120.25 மி.மீ.; இரண்டு பக்கமும் 240.5, ரிம் 381. ஆக மொத்த விட்டம் 621.5 மி.மீ. புதிய டயரின் விட்டம் இதிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். அப்போதுதான் ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்.ஸும் குழம்பாது. 195/55 ஆர் 16 போட்டால் 620.9 மி.மீ., ஏறக்குறைய அதே விட்டம். 205/50 ஆர் 16 போட்டால் 611.4, 1.6 விழுக்காடு குறைவு. 205/45 ஆர் 17 போட்டால் 616.3.

விட்டக் கணக்கில் 17 அங்குலமும் தேறுகிறது. ஆனால் அதன் சைடுவால் 92 மி.மீ.தான். இறக்கிய வண்டியில் ஸ்பிரிங்கின் இயக்கம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. மழைக்காலத்துக் குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்ள டயரின் சதையும் குறைவாக இருந்தால் ரிம்தான் வளையும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவத்திலும் நனைகிற மாவட்டம் இது. தண்ணீர் தேங்கிய குழியின் ஆழம் மேலிருந்து தெரியாது. அதனால் சைடுவால் 100 மி.மீ.க்குக் குறையாத அளவையே நான் சொல்வேன். எனக்கு மிகவும் பிடித்த தேர்வு 195/55 ஆர் 16.

ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் உண்டு. 195/55 ஆர் 16-க்கு 5.5 முதல் 7 ஜே வரை. 205/50 ஆர் 16-க்கு 5.5 முதல் 7.5 ஜே வரை. குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்துப் பிடித்து மாட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது; குழியில் அடிபடும்போது டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு விலகிக் காற்று ஒரேயடியாகப் போய்விடும் என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

அகலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 88 எச் போன்ற குறியையும் படிக்க வேண்டும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545. 84 என்றால் 500. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேக எல்லை. தாங்கும் எடை உங்கள் வண்டிக்குக் கம்பெனி குறிப்பிட்ட அளவைவிடக் குறையக் கூடாது. கதவோர ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உயர்ந்த வகைக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

ஈ.டி. என்னும் ஆஃப்செட்

ரிம்மின் அகலத்தில் சரிபாதியில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சுமுனையில்) பதிகிற ரிம்மின் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுதான் ஈ.டி. எண். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். கடைகளில் அகலத்தையும் விட்டத்தையும் உரக்கச் சொல்வார்கள், இந்த எண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ரிம்மின் உட்பக்கம் இது அச்சாகியிருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கம்பெனி ரிம் 5.5 ஜே, ஈ.டி. 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் அகலம் 139.7, பாதி 69.85. ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு 24.85 மி.மீ. தள்ளியும், உள் விளிம்பு 114.85 மி.மீ. தள்ளியும் இருக்கும். இப்போது 6.5 ஜே, ஈ.டி. 40 ரிம்மை எடுத்தால், பாதி 82.55, வெளி விளிம்பு 42.55, உள் விளிம்பு 122.55. அதாவது ரிம் வெளியே 17.7 மி.மீ. வருகிறது, உள்ளே 7.7 மி.மீ. போகிறது. நான் முதலில் மாட்டிய 7 ஜே, ஈ.டி. 35 ரிம்முக்கு இதே கணக்கைப் போட்டால் வெளியே 29, உள்ளே 9. அன்றைக்கு ஒரு தாளில் இதை எழுதிப் பார்த்திருந்தால் டயர் பிழைத்திருக்கும்.

டயரின் வயிறு ரிம் விளிம்பைவிட அதிகம் பிதுங்குவதால் அதற்குத் தனிக்கணக்கு வேண்டும். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. அகலும். 195/55 டயரின் அகலம் 6 ஜே ரிம்மில் 195 என்று வைத்துக்கொண்டால், 6.5 ஜேயில் அது ஏறக்குறைய 200 ஆகும், பாதி 100. ஈ.டி. 40-ஐக் கழித்தால் வெளியே 60, கூட்டினால் உள்ளே 140. பழைய 185 டயருக்கு இவை 47.5, 137.5. ஆக டயரின் வயிறு வெளியே 12.5 மி.மீ.யும் உள்ளே 2.5 மி.மீ.யும்தான் நகர்கிறது. ரிம்முக்கு ஒரு கணக்கு, டயருக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள்.

கம்பெனி ரிம்மின் ஈ.டி. எண்ணிலிருந்து பத்துக்கு மேல் குறைக்காதீர்கள். சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மீது நெம்புகோல் போல எடை கூடும்; குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையை இழுக்கும்.

வண்டியில் அளவெடுத்தல்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்று வேண்டும். மட்கார்டின் வெளி ஓரத்தில், சக்கரத்தின் நேர் உச்சியில், நூலை டேப்பால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து ரிம் விளிம்புக்கு எவ்வளவு, டயரின் பிதுங்கிய வயிற்றுக்கு எவ்வளவு என்று இரும்பு ஸ்கேலால் அளந்து குறியுங்கள். மட்கார்டுத் தகடு உள்ளே மடிந்திருக்கும் உதட்டின் அகலத்தைத் தனியாக அளக்க வேண்டும். அந்த உதடுதான் டயரை வெட்டுவது. நான்கு சக்கரத்திலும் இதைச் செய்யுங்கள். ஒரே வண்டியில் இடமும் வலமும் சில மி.மீ. மாறுவது சாதாரணம்.

அடுத்தது உட்பக்கம். முன்சக்கரத்தின் பின்னால் கையை விட்டு, ஷாக் அப்சார்பர் குழாய்க்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் டயர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேல் நுழையாத இடத்தில் களிமண் உருண்டையை வைத்து அழுத்தி எடுத்து, அதன் தடிமனை அளக்கலாம். நம் சிறிய கார்களின் முன்பக்கத்தில் சக்கரம் தாங்கும் நக்கிளும் ஷாக் அப்சார்பரும் போல்ட் போட்டு ஒன்றாக இணைந்தவை. சக்கரம் மேலே போனாலும் கீழே வந்தாலும் இந்த உள் இடைவெளி மாறாது. அதனால் இங்கே புதிய ரிம்முக்குப் பிறகு 5 மி.மீ. மிஞ்சினால் போதும். வெளிப்பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே சக்கரம் ஏறும், திரும்பும், சாயும்.

ஆகவே வெளிப்பக்கத்தை வண்டியை முறுக்கி வைத்துத்தான் அளக்க வேண்டும். முன் இடச் சக்கரத்தையும் பின் வலச் சக்கரத்தையும் 10 செ.மீ. தடிமனுள்ள கனமான மரப்பலகையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் உடையும். மற்ற இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு பேரை உள்ளே உட்காரவைத்து, டிக்கியில் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை ஏற்றுங்கள். யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இந்த நிலையில் உயர்ந்திருக்கும் சக்கரத்தின் உச்சியில் டயருக்கும் மட்கார்டு உதட்டுக்கும், டயருக்கும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனருக்கும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, முன் பம்பரின் மூலையையும் கதவுப்பக்க லைனரையும் பாருங்கள். பிறகு பலகையை மறுபக்க மூலைகளுக்கு மாற்றி அளவுகளைத் திரும்ப எடுங்கள். கணக்கில் வந்த கூடுதல் மி.மீ.யைக் கழித்த பிறகு, எல்லா இடத்திலும் குறைந்தது 10 மி.மீ. மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் ரிம் அகலத்தையோ டயர் அகலத்தையோ குறையுங்கள். மட்கார்டைக் குறைக்கும் யோசனை கடைசியாக வரட்டும்.

மட்கார்டு உதட்டை மடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஹீட் கன்னால் பெயின்டைச் சூடாக்கி, அதற்கான உருளைக் கருவியால் மெதுவாக மடித்தால் 10 மி.மீ. வரை இடம் கிடைக்கும். சுத்தியலால் அடித்தால் பெயின்ட் வெடிக்கும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடற்கரையோரம் வண்டி நிற்பவர்களுக்கு, அந்த வெடிப்பில் உப்புக்காற்று புகுந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு கிளம்பிவிடும். மடித்த அன்றே பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, மடிப்பின் உள்ளே சீலன்ட் தடவியாக வேண்டும்.

வாங்கும்போது

நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் முதலில். ஸ்விஃப்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் நான்கு துளை, 100 மி.மீ.; போலோவுக்கு ஐந்து துளை, 100 மி.மீ. நடுத்துளையும் சேர வேண்டும்: ஸ்விஃப்டின் ஹப் 54.1, சிட்டி 56.1, போலோ 57.1. கடை ரிம்களில் நடுத்துளை 67.1 அல்லது 73.1 என்று பெரிதாக இருப்பது வழக்கம். அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் வளையத்தைச் சரியான அளவில் கேட்டு வாங்குங்கள். இது இல்லாமல் மாட்டினால், பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

நட்டு அமரும் குழியின் வடிவம் பலர் கவனிக்காமல் விடும் இடம். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முனை கொண்டது; போலோவின் போல்ட்டும் அப்படியே. கடை ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்புக் குழி. உருண்டை நட்டு கூம்புக் குழியில் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். முறுக்கியது போலத் தோன்றி, ஓடும்போது தளரும். நட்டு ஏறும் தண்டின் புரி இடைவெளியும் மாறும்: சுசூகிக்கு 12 மி.மீ. தண்டில் 1.25 மி.மீ. புரி, ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் 1.5 புரி.

ரிம்மின் பின்பக்கம் தாங்கும் எடை கிலோவில் அச்சாகியிருக்க வேண்டும், ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. ஆகிய ஜப்பானிய முத்திரைகள் இருந்தால் நல்லது. வளைந்து நிமிர்த்திய பழைய ரிம் வேண்டாம். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தயாரித்த வாரத்தைக் காட்டும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்; 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ரிம்மில் ஒரு டயரை ஏற்றி உங்கள் வண்டியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

மாட்டுதல்

வண்டியைத் தரையில் வைத்தபடியே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹப் முகத்தில் படிந்திருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளையாக்குங்கள். ஒரு துருப் பொருக்கு இருந்தாலும் ரிம் சாய்ந்து அமரும். நடுத்துளை விளிம்பில் மட்டும் துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவலாம். நட்டுப் புரியில் தடவக் கூடாது. ஹப் வளையத்தை அழுத்தி அமர்த்தி, ரிம்மை ஏற்றி, எல்லா நட்டையும் முதலில் விரலாலேயே முறுக்குங்கள். 12 மி.மீ. தண்டில் குறைந்தது 12 மி.மீ. புரி பிடிக்க வேண்டும்: 1.25 புரியில் பத்துச் சுற்று, 1.5 புரியில் எட்டுச் சுற்று. குறைந்தால் நீளமான தண்டு போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

பிறகு ஒன்றுக்கொன்று எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை முறுக்குவதை நின்று தடுங்கள். நான் பழகும் பட்டறை அண்ணன் இதைக் கையாலேயே செய்வார். 'தம்பி, துப்பாக்கி புடிச்சா எவ்வளவு இறுகிச்சுன்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது' என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

வீல் அலைன்மென்ட் அன்றே வேண்டும். இறக்கிய வண்டியில் முன்சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சற்றுச் சாயும். அதோடு, சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் டோ எனப்படும் கோணமும் மாறும். டயரின் உள் ஓரத்தை வேகமாகத் தின்பது பெரும்பாலும் இந்த டோதான். ரிப்போர்ட் தாளை வாங்கி, இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

மட்கார்டு உதட்டிலும் லைனரிலும் வெள்ளைச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்துவிட்டுக் கிளம்புங்கள். முதலில் வெற்று வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி முன்னும் பின்னும் எட்டு போடுங்கள். அடுத்து ஆள் ஏற்றி, பார்வதிபுரம் மேம்பாலத்தின் இணைப்புகள் வழியாகவும், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வளைவுகளிலும் ஓட்டுங்கள். வளைவும் குழியும் ஒரே நேரத்தில் வருகிற இடத்தில்தான் உண்மை தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில், பக்கக் காற்றுக்கு வண்டி எப்படி நகர்கிறது என்பதையும் ஒருமுறை உணர்ந்துகொள்ளுங்கள். திரும்பி வந்து சாக்குக்கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

அகலமான டயர் தேங்கிய தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். சட்டப்படி டயர் மேற்பரப்பிலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. வரை தேயலாம், மழைக்காலத்தில் 3 மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்றிவிடுவதே என் வழக்கம்.

முதல் 100 கி.மீ. ஆனதும், ஆறிய சக்கரத்தில் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் சரிபாருங்கள். ஒரு மாதம் கழித்து, டயரின் உள் ஓரத்தை உள்ளங்கையால் இரு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகவே இருந்தால் அதற்குப் பழைய நட்டுதான் சேரும். அந்த நட்டுகளை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு டிக்கியிலேயே வைத்துவிடுங்கள்.